உணவு அட்டவணையும் உலைப்பானையும்

எந்த வேளை எதை, எவ்வளவு உண்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்து நாள்தோறும் அதன்படி நடந்தால் உடல் எடை குறையுமா? குறைந்த எடை நிலைக்குமா? நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்விக்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு விடையும் தனக்கு முந்தையதைத் தவறென்று சொல்லியே பிறந்தது. அந்த விடைகளில் முக்கியமானவற்றை எடுத்து, அவை எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. உரைகல்லாக எடுத்துக்கொள்வது திருகோணமலை மாவட்டத்தில் கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில் இருக்கும் சம்பூரை.

சம்பூரைத் தெரிவு செய்யக் காரணம் உண்டு. இலங்கையரின் எடை பற்றியும் நீரிழிவு பற்றியும் பேசும் எவரும் 2005–2006 இல் நடந்த இலங்கை நீரிழிவு, இதயநோய் ஆய்வைத் தவறாமல் எடுத்துக்காட்டுவர். வளர்ந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு, ஆசிய அளவுகோலின்படி 25.2 வீதத்தினர் மிகை எடையினர், 9.2 வீதத்தினர் உடற்பருமன் உள்ளவர்கள் என்ற எண்கள் அதிலிருந்து வந்தவை. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களில்தான் நடந்தது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் விடப்பட்டன. அதே 2006 ஏப்ரலில் சம்பூர் மக்கள் குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் தப்பி ஊரைவிட்டு வெளியேறினார்கள். பின்னர் ஊர் உயர் பாதுகாப்பு வலயமாகவும் அனல்மின் நிலையத்துக்கான காணியாகவும் மாறியது. மீள்குடியேற்றம் 2015, 2016 ஆம் ஆண்டுகளில்தான் கைகூடியது. நாட்டின் உணவு அறிவுரைகளுக்கு அடித்தளமான கணக்கில் இந்த மக்கள் சேரவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

பழைய விடைகள்

பருத்த உடலை மருத்துவச் சிக்கலாகப் பார்ப்பது புதிதல்ல. சரக சங்கிதை மிகப் பருத்த உடலையும் மிக மெலிந்த உடலையும் ஒரே அத்தியாயத்தில் வைத்து ஆராய்கிறது. பருத்தவருக்கு அது பரிந்துரைப்பது வயிற்றில் கனமாக நிற்கும், ஆனால் ஊட்டம் குறைந்த உணவு. கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற நம்மவர் வழக்கும் அதே திசையைத்தான் காட்டுகிறது. நார் மிகுந்ததும் சக்தி குறைந்ததுமான உணவால் வயிற்றை நிரப்புங்கள் என்று இன்றைய உணவியலாளர் சொல்வதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

அச்சேறிய முதல் பெரும் உணவுத் திட்டம் 1863 இல் லண்டனில் வந்தது. இறுதிச்சடங்கு ஏற்பாட்டாளரான வில்லியம் பான்டிங், தன் வைத்தியர் சொன்னபடி பாண், சீனி, பியர், உருளைக்கிழங்கு ஆகியவற்றைக் கைவிட்டு மெலிந்த கதையைச் சிறு நூலாக வெளியிட்டார். வேளைவாரியாக அவர் உண்டவை அதில் இருந்தன. ஒருவருக்கு நடந்தது எல்லோருக்கும் நடக்கும் என்ற அதன் அனுமானமே அதன் பெரிய பலவீனம். அந்தப் பலவீனம் இன்றைய உணவுத் திட்ட நூல்களையும் விட்டு அகலவில்லை.

கலோரிக் கணக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் உணவிலுள்ள சக்தியை அளந்து அட்டவணைப்படுத்தினார். 1918 இல் லுலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற வைத்தியர் அதைப் பொதுமக்களின் கைக்குக் கொண்டுவந்தார். உணவைத் துண்டுகளாக அல்ல, கலோரிகளாக எண்ணுங்கள் என்றார் அவர். உட்செல்வது செலவாவதைவிடக் குறைந்தால் எடை குறையும் என்ற அடிப்படை இன்றுவரை அசையவில்லை. அதன்மேல் எழுப்பிய கணக்குத்தான் பிழைத்தது.

நாளுக்கு 500 கலோரி குறைத்தால் கிழமைக்கு அரைக் கிலோ இறங்கும் என்ற விதி 1958 இல் மக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. உடல் மெலிய மெலிய அதன் செலவும் குறைகிறது என்பதை அந்த விதி கணக்கில் எடுக்கவில்லை. கெவின் ஹாலும் அவரது குழுவினரும் 2011 இல் வெளியிட்ட கணிப்பு இதைத் திருத்தியது. நாளுக்கு ஏறத்தாழ 24 கலோரி நிரந்தரமாகக் குறைந்தால் எடை முடிவில் 1 கிலோ குறையும். அதில் பாதி வர ஓராண்டும் ஏறக்குறைய முழுவதும் வர மூன்றாண்டும் ஆகும்.

இந்தக் கணக்கு நம் ஊர்ப் பழக்கங்களைப் பற்றிச் சொல்வது சுவையானது. ஒரு தேக்கரண்டி சீனியில் சுமார் 20 கலோரி. நாளுக்கு நான்கு முறை, தலா இரண்டு கரண்டி சீனி போட்டுத் தேநீர் குடிப்பவர் அதை வெறுந்தேநீராக மாற்றினால் 160 கலோரி மிச்சம். வேறெதையும் கூட்டி உண்ணாவிட்டால் மூன்றாண்டில் 6 கிலோ அளவுக்கு இறங்க இடமுண்டு. கணிப்பு கணிப்புத்தான், நடைமுறையில் மக்கள் ஓரளவு ஈடுகட்டி உண்டுவிடுவார்கள். ஆனாலும் ஆரவாரமில்லாத ஒரு மாற்றம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது அளவுகோல்.

கலோரி முறையின் உண்மையான இடறல் வேறிடத்தில் இருக்கிறது. பொதி செய்யப்பட்ட உணவின் உறையில் எண் அச்சாகியிருக்கும். தேங்காய்ப்பூவும் பாலும் கலந்த சொதியில் தன் பங்கு எவ்வளவு என்று யாரால் சொல்ல முடியும்? சமைத்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி இருக்க, அதே எடைத் தேங்காய்ப்பூவில் 350 இருக்கிறது. ஒரு கைப்பிடிச் சம்பல் கூடினால் முழுநாள் கணக்கும் கலைந்துவிடும். ஒரே சட்டியில் சமைத்து எல்லோரும் பகிரும் வீட்டில் தனியாளின் கலோரிக் கணக்கு பெரும்பாலும் ஊகமே.

சோறா, கொழுப்பா?

எவ்வளவு என்பதைவிட எது என்பதே முக்கியம் என்று சொன்னவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அன்செல் கீஸின் ஏழு நாடுகள் ஆய்வைத் தொடர்ந்து கொழுப்பு குற்றவாளியானது. 1972 இல் ரொபர்ட் அட்கின்ஸ் அதைப் புரட்டி மாப்பொருளைக் குற்றவாளியாக்கினார்.

இந்த வழக்குக்கு நல்ல சோதனைகள் கிடைத்துவிட்டன. 2009 இல் ஃபிராங்க் சாக்ஸ் குழு 811 பேரிடம் நான்கு விதமான உணவுகளை இரண்டு ஆண்டு சோதித்தது. கொழுப்பு, புரதம், மாப்பொருள் விகிதம் மாறினாலும் எடைக்குறைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். 2018 இல் ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ்டபர் கார்ட்னர் குழு 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும், மாப்பொருளைக் குறைத்தவர்கள் 6.0 கிலோவும் இழந்தார்கள். இடைவெளி கருதத்தக்கதல்ல. ஒரே திட்டத்துக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இருந்த வேறுபாடு இரு திட்டங்களுக்கும் இடையில் இருந்ததைவிடப் பல மடங்கு பெரிது.

அப்படியானால் சோற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமா? அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வரக்கூடாது. அந்தச் சோதனைகளில் பங்கெடுத்தவர்கள் தொடக்கத்திலேயே சக்தியில் பாதியளவைத்தான் மாப்பொருளிலிருந்து பெற்றவர்கள். இலங்கையரிடம் அது 70 வீதத்தை எட்டுகிறது. சென்னையைத் தளமாகக் கொண்ட ஆய்வாளர்கள் இந்தியாவெங்கும் 18,090 பேரின் தரவை வைத்து 2022 இல் வெளியிட்ட கணிப்பு, மாப்பொருளை ஏறத்தாழப் பாதிக்கு இறக்கிப் புரதத்தை ஐந்தில் ஒரு பங்குக்கு ஏற்றுவது நீரிழிவைத் தடுக்கவும் தணிக்கவும் உதவலாம் என்றது. இது கணிப்பே தவிர ஊட்டிப் பார்த்த சோதனையல்ல. ஆயினும் சோற்றுமலையும் ஓரத்தில் இரண்டு துண்டு மீனுமாக உண்பவர்களுக்கு அது காட்டும் திசை நியாயமானது என்றே தோன்றுகிறது.

சோற்றை விடாமல் அதையே மாற்றலாம் என்ற யோசனை இலங்கையிலிருந்தே வந்தது. இரசாயன விஞ்ஞானக் கல்லூரி மாணவர் ஒருவரும் அவரது ஆசிரியரும் 2015 இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் கூட்டத்தில் ஒரு முறையை அறிவித்தார்கள். கொதிநீரில் சிறிது தேங்காயெண்ணெய் சேர்த்துச் சோறு சமைத்து, 12 மணிநேரம் குளிரூட்டினால் எளிதில் செரிக்காத மாச்சத்து கூடும் என்பது அதன் சாரம். உலகப் பத்திரிகைகள் கலோரி பாதியாகிவிடும் என்று எழுதின. சோதனைக்கூடக் குழாயில் கண்டதற்கும் மனித உடலின் எடைக்கும் நடுவே நீண்ட வழி இருக்கிறது. அந்த அறிவிப்பு அவ்வழியைக் கடக்கவில்லை. பழஞ்சோற்றைப் புகழ்பவர்கள் இதைச் சான்றாகக் காட்டுவதிலும் அதே நிதானம் வேண்டும். குரக்கனுக்கும் இது பொருந்தும். நாரிலும் கல்சியத்திலும் அது அரிசியை மிஞ்சும். கலோரியில் அரிசிக்குக் கிட்டத்தட்டச் சமம். குரக்கன் பிட்டு என்பதற்காக இரண்டு மடங்கு உண்டால் எடை குறையாது.

எப்போது உண்பது?

மூன்றாவது அணி நேரத்தைப் பிடித்துக்கொண்டது. நாளில் எட்டு மணிநேரத்துக்குள் உண்டு முடித்து மீதி நேரம் வயிற்றை ஓயவிடுங்கள் என்பது அண்மைக்கால அறிவுரை. 2022 இல் குவாங்சோ நகரில் 139 பேரிடம் ஓராண்டு நடந்த சோதனையில், கலோரியைக் குறைத்தவர்களும், கலோரியைக் குறைத்ததோடு எட்டு மணிநேரத்துக்குள் உண்டவர்களும் ஒத்த அளவே மெலிந்தார்கள். நேரக் கட்டுப்பாடு தனியாக எதையும் கூட்டித் தரவில்லை. சம்பூர் அடங்கிய மூதூர்ப் பகுதியில் நோன்பும் கந்தசஷ்டியும் வெள்ளி விரதமும் அருகருகே வாழ்கின்றன. ரமழான் காலத்தில் சற்றுக் குறையும் எடை சில கிழமைகளில் திரும்பிவிடுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. விரதத்தை எடைக்குறைப்பு முறையாகக் காண்பது விரதத்துக்கும் நீதி செய்யாது, எடைக்கும் உதவாது. இரவுச் சாப்பாட்டை முன்தள்ளுவது நொறுக்குத்தீனியைக் குறைக்க உதவினால் அந்த அளவில் நன்று.

அட்டவணை என்ற கருவி

இதுவரை பார்த்தவை எல்லாம் அட்டவணையில் என்ன எழுதுவது என்பது பற்றிய சண்டைகள். எழுதி வைப்பதே உதவுமா என்று நேரடியாகக் கேட்ட ஆய்வுகள் குறைவு. அவற்றில் ரீனா விங், ரொபர்ட் ஜெஃப்ரி குழுவினர் 1996 இல் வெளியிட்டது இன்றும் கவனிக்கத்தக்கது.

மிகை எடையுள்ள 163 பெண்களை அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் வழக்கமான நடத்தைப் பயிற்சி கிடைத்தது. முதற்குழுவுக்கு அது மட்டுமே. இரண்டாம் குழுவுக்கு வேளைவாரி உணவு அட்டவணையும் கடையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலும் கொடுக்கப்பட்டன. மூன்றாம் குழுவுக்கு அவற்றோடு உணவும், செலவைப் பகிரும் அடிப்படையில். நான்காம் குழுவுக்கு உணவு முற்றிலும் இலவசம். ஆறு மாதத்தில் முதற்குழு 8.0 கிலோ இழந்தது. மற்றவை முறையே 12.0, 11.7, 11.4 கிலோ. ஓராண்டின்பின் பார்த்தபோது 3.3, 6.9, 7.5, 6.6.

இந்த எண்கள் இரண்டு செய்தி சொல்கின்றன. உணவையே வீட்டுக்கு அனுப்பியதும், என்ன சமைப்பது என்ன வாங்குவது என்று தாளில் எழுதிக் கொடுத்ததும் ஏறத்தாழ ஒரே பலனைத் தந்தன. பசியோடு அடுப்படியில் நின்று முடிவெடுக்கும் நிலையை அட்டவணை இல்லாமல் செய்கிறது. அதுதான் அதன் வலிமை என்று ஊகிக்கலாம். மற்றச் செய்தி கசப்பானது. அட்டவணை கிடைத்தவர்களும் இழந்ததில் பாதிக்கு அண்மையானதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

ஏன் திரும்புகிறது? சோம்பல் என்றும் மனவுறுதி இல்லை என்றும் பழிப்பது நம்மிடையே சாதாரணம். பிரியா சுமித்ரன் குழு 2011 இல் மெல்பர்னில் 50 பேரிடம் செய்த ஆய்வு அந்தப் பழியை வெகுவாகத் தளர்த்திவிட்டது. எடை குறைந்து ஓராண்டு கழிந்த பின்னும் பசியைத் தூண்டும் ஹோர்மோன்கள் உயர்ந்தும், நிறைவைத் தருபவை தாழ்ந்துமே இருந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பட்டினியில் வாடுவோரை மீட்கும் வழியறிய மினசோட்டாவில் 1944–45 இல் 36 இளைஞர்களை அரைவயிற்றோடு வைத்த சோதனையும் இதையே முன்னறிவித்தது. அவர்கள் உணவைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாதவர்களானார்கள். மிகக் கடுமையான அட்டவணை தன் தோல்வியைத் தானே சமைத்துக்கொள்கிறது.

ஆனால் மீள்வது விதியல்ல. அமெரிக்காவில் நீரிழிவுள்ள 5,145 பேரிடம் நடந்த லுக் அஹெட் சோதனையில், அட்டவணையும் தொடர் ஆலோசனையும் பெற்றவர்கள் முதலாண்டில் 8.6 வீதமும் ஏறத்தாழப் பத்தாண்டு முடிவில் 6.0 வீதமும் எடை குறைந்திருந்தார்கள். தாளைக் கொடுத்துவிட்டு அனுப்பிவிடாமல் ஆண்டுக்கணக்கில் கூடவே ஆட்கள் இருந்ததுதான் வேறுபாடு. இதய நோயைக் குறைக்கும் என்ற அதன் முதன்மை எதிர்பார்ப்பு நிறைவேறாததால் 2012 இல் அது நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சம்பூரின் பானை

சம்பூர் மக்களுக்கு உணவு அட்டவணை புதிய பொருளல்ல. கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் ஆகிய இடங்களின் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்த காலத்தில் வீட்டில் என்ன வேகும் என்பதைத் தீர்மானித்தது நிவாரணம். அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. உயிரைக் காக்க வந்த அந்தப் பட்டியலைக் குறைசொல்ல முடியாது. கெட்டுப்போகாமல் ஏற்றி இறக்கக்கூடியது எதுவோ அதுவே அதில் இருந்தது. மீனும் கீரையும் பாலும் இல்லை. தம் காணியில் நெல்லும் தோட்டமும், தம் கடலில் வலையும், பட்டியில் மாடும் வைத்திருந்தவர்கள் அவற்றையே காசுக்கு வாங்க வேண்டியவர்களானார்கள்.

கோதுமை மாவின் ஆட்சி முகாமோடு தொடங்கியதல்ல. சம்பூருக்கு எதிர்க்கரையில், சீனக்குடாவில், 1980 முதல் பிறீமா மாவாலை இயங்குகிறது. இலங்கை முழுவதற்கும் பாணும் ரொட்டியும் பணிஸும் கொத்தும் பெருமளவில் அந்த ஆலையின் மாவில்தான் பிறந்தன. நேரம் இல்லாத வீட்டுக்கு ரொட்டியைப் போலக் கைகொடுப்பது வேறில்லை. கூலிக்குப் போகும் தாய்க்கு அரிசி இடித்துப் பிட்டு அவிக்கச் சொல்லும் அட்டவணை அவளுடைய விடியற்காலையைக் கணக்கிலெடுக்காத அட்டவணை.

பட்டினி அனுபவம் பின்னாளைய பருமனுக்கு வழிவகுக்குமா என்ற கேள்வியும் இங்கே எழும். 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் நிலவிய பஞ்சத்தின்போது கருவின் முதற்பாதியில் இருந்த ஆண்களிடம் 19 வயதில் பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. கடைசி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்களிடம் அது குறைவாக இருந்தது. இந்த முடிவை மூதூர் முகாம்களுக்கு அப்படியே பொருத்துவது தவறு. சிந்திக்கத்தக்க சாத்தியம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

இன்னொரு சிக்கல் உடனடியானது. 2016 இன் தேசிய அளவெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 15 வீதத்தினர் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளைக்குத் திரிபோஷா சத்துமா கொடுக்கும் வீட்டில் அம்மம்மாவுக்கு நீரிழிவும் இடுப்புப் பருமனும் இருக்கலாம். ஒருவர் கூட்ட வேண்டும், இன்னொருவர் குறைக்க வேண்டும், சட்டி ஒன்றுதான். தனியாளுக்கு எழுதிய அட்டவணை இங்கே கூடுதலாக ஒரு சமையலைக் கேட்கிறது. அந்தச் சமையல் எப்போதும் ஒரு பெண்ணின் தலையில்தான் விழும். எடைகுறைக்க வேண்டியவளே அவளாக இருந்தால் தன் அட்டவணையைத்தான் முதலில் கைவிடுவாள்.

ஆகவே சட்டியை மாற்றாமல் பரிமாறுவதை மாற்றும் அட்டவணையே இவ்வகை ஊருக்குப் பொருந்தும் என்பது இக்கட்டுரையின் துணிபு. மதியம் எல்லோருக்கும் ஒரே சோறு, மீன், பருப்பு, கீரை. பெரியவருக்குச் சோறு தட்டின் காற்பங்கு, மரக்கறியும் கீரையும் பாதி, மீனோ முட்டையோ பருப்போ மீதிக் காற்பங்கு. வளரும் பிள்ளைக்கு அதே சட்டியிலிருந்து சோறும் மீனும் கூடுதலாக. காலையில் பிட்டென்றால் தேங்காய்ப்பூவைக் குறைத்து, சீனியை விட்டு, மீன்குழம்போ முட்டையோ சேர்த்து. பின்னேரம் பணிஸுக்குப் பதிலாக அவித்த கௌபியோ கடலையோ. இரவில் அளவான இடியப்பமும் தேங்காய்ப்பால் குறைத்த சொதியும். சூடை, சாளை, கீரி போன்ற சிறுமீன்கள் விலைக்கும் புரதத்துக்கும் நல்ல தெரிவு. கருவாட்டில் உப்பு அதிகம் என்பதால் அதை நாள்தோறும் எழுதக்கூடாது. இன்சுலினோ சீனியைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர் சோற்றைத் திடீரென வெட்டினால் இரத்தச் சீனி ஆபத்தாக இறங்கலாம். வைத்தியரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுவோருக்கும் எடைகுறைப்பு அட்டவணையே கூடாது.

விலையும் இதில் ஒரு தரப்பு. 2022 செப்டம்பரில் இலங்கையின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியிருந்தபோது முட்டையும் மீனும் முதலில் தட்டைவிட்டுப் போயின, சோறு கடைசிவரை நின்றது. மலிவான கலோரி மாப்பொருளாக இருக்கும்வரை, மாப்பொருளைக் குறை என்பது வசதியுள்ளவருக்கே எளிய அறிவுரை.

எந்த எடை?

உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இல் ஆசியருக்கு உடல் நிறைச் சுட்டெண் 23 இலிருந்தே ஆபத்து கூடுகிறது என்று கருதியது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றர் என்பது தெற்காசியருக்கு வழங்கும் எல்லை. கைகால் மெலிந்து வயிற்றில் மட்டும் தொப்பை உள்ளவரின் ஆபத்தைத் தராசு காட்டாது, அளவுநாடா காட்டும்.

தராசின் மீதான நம்பிக்கையை இன்னும் தளர்த்துவது சென்னையில் அ. இராமச்சந்திரன் குழு 2006 இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரில், உணவையும் நடையையும் மாற்றியவர்களிடம் மூன்றாண்டில் 39.3 வீதத்தினருக்கு நீரிழிவு வந்தது, மாற்றாதவர்களிடம் 55.0 வீதம். மாற்றியவர்களின் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. அட்டவணையைப் பின்பற்றியும் தராசு அசையவில்லை என்று மனமுடைந்து விட்டுவிடுபவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இந்தத் துறையில் குறைவு.

திறந்து கிடப்பவை

அட்டவணை குறுங்காலத்தில் உதவுகிறது என்பதற்குச் சான்று போதியது. எந்தச் சத்தைக் குறைப்பது என்ற பழைய வழக்கில் இரு தரப்பும் வெல்லவில்லை, ஆனால் மாப்பொருள் மிகையான தெற்காசியத் தட்டுக்கு அந்தத் தீர்ப்பு முழுமையாகப் பொருந்துமா என்பது முடிவாகவில்லை. நேரக் கட்டுப்பாட்டின் தனிப்பயன் ஐயத்துக்குரியது.

செமக்ளூட்டைட் என்ற எடைகுறைப்பு ஊசிமருந்தை 1,961 பேரிடம் சோதித்து 2021 இல் வெளியான ஆய்வில், அந்த மருந்தைப் பெற்றவர்கள் 68 கிழமையில் சராசரியாக 14.9 வீதம் எடை இழந்தார்கள். ஊசியை நிறுத்தியவர்கள் அடுத்த ஓராண்டில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். இத்தகைய மருந்துகள் மலிந்தால் அட்டவணையின் இடம் என்னவாகும், தசையைக் காக்கும் துணைக்கருவியாக அது மாறுமா என்பது புதிய கேள்வி.

சம்பூர் போன்ற ஊருக்கு அதைவிட அவசரமான கேள்வி ஒன்றுண்டு. மேலே பார்த்த சோதனைகள் எல்லாமே தனியாளை அலகாகக் கொண்டவை. தராசில் ஏறியவர் ஒருவர், தாளைப் பெற்றவர் ஒருவர். குடும்பத்தை அலகாக எடுத்து, அகப்பை பிடிப்பவரிடமே தாளைக் கொடுத்து, பிள்ளையின் வளர்ச்சியையும் பெரியவரின் இடுப்பளவையும் ஒருங்கே ஐந்தாண்டாவது பின்தொடர்ந்தால் விடை வேறாக வரக்கூடும். அதற்கான அடிப்படை இலங்கையில் ஏற்கெனவே இருக்கிறது. வீடுவீடாகச் செல்லும் குடும்பநல உத்தியோகத்தர்களும், 2011 முதல் வைத்தியசாலைகளில் எடை, இரத்த அழுத்தம், சீனி பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களும் ஒரே வீட்டின் இரு முனைகளைத் தனித்தனிப் பதிவேடுகளில் எழுதிவருகிறார்கள்.